டிக்கெட் கிடைக்காததும் தேவ திட்டமா?

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக எடுத்த ரயில் டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றது. பஸ் பிடித்தேன். திண்டிவனம் தாண்டி நடுராத்திரியில் அதுவும் படுத்துவிட்டது! போனில் விஷயம் கேட்ட சபை அண்ணன் சொன்னார்: "அந்த ரயில்ல ஏதோ ஆபத்து இருந்திருக்கும் தம்பி, கர்த்தர் தப்புவிச்சார்."

அப்போ அந்த ரயிலில் போனவர்கள் யாருடைய பிள்ளைகளாம்?

நான் காமர்ஸ் மாணவன். நஷ்டத்தை லாபம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. விசுவாசத்திலும் அப்படித்தான்.

பவுலைப் பாருங்கள். பல வருடம் ஆசைப்பட்ட ரோமாபுரிக்குக் கைதியாகத்தான் போனார். வழியில் புயல். அப்போஸ்தலர் 27-ல் அவர் 'எல்லாம் நன்மைக்கே' என்று சிரிக்கவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த நஷ்டமே வந்திருக்காது என்று நேராகவே சொல்கிறார். பிறகு, கப்பல் உடைவதற்கு முன்பே, எல்லார் முன்னாலும் அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிச் சாப்பிடுகிறார். 14 நாள் பட்டினி கிடந்த கப்பலில் 276 பேரும் தைரியமாகிச் சாப்பிடுகிறார்கள்.

சந்தோஷம் அங்கே இருக்கிறது நண்பர்களே. அன்று ரோட்டோரத்தில் ஒரு பாட்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

இனி என்னிடம் 'தேவ திட்டம்' சொல்ல வருபவர்கள், தயவுசெய்து இட்லியோடு வாருங்கள்...