கதவு திறக்க 193 வருஷம்!

பெண்களையும் அங்கத்தினராகச் சேர்க்கலாம் என்று லண்டன் காரிக் கிளப் ஆண்கள் 2024 மே மாதம் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். கிளப் தொடங்கியது 1831-ல்!

அதுவரை பெண்கள் சும்மா காத்திருந்தார்களா? இல்லை. கான்ஸ்டன்ஸ் ஸ்மெட்லி என்ற எழுத்தாளர், ஊன்றுகோலின் துணையோடு நடந்தவர், 1904-ல் அதே லண்டனில், பிக்காடிலி வீதியில், 'லைசியம் கிளப்' தொடங்கினார். கதை எழுதும் பெண் பத்திரிகை ஆசிரியரைக் கௌரவமாகச் சந்திக்க ஓர் இடம் வேண்டாமா? வாடகை அறைக்கு அழைத்தால் ஊர் என்ன சொல்லும்?

அடுத்த வருஷமே பெர்லின், 1906-ல் பாரிஸ் என்று கிளப்புகள் முளைத்தன. ஓர் ஊர் அங்கத்தினருக்கு அடுத்த ஊரிலும் வரவேற்பு.

1914-ல் யுத்தம். லண்டனும் பெர்லினும் பகைவர் தலைநகரங்களாயின! பிறகு லண்டன் கிளப் பணமுடையால் மூடப்பட்டது. ஆனால் 1912-ல் தொடங்கிய மெல்போர்ன் கிளப் இன்றும் நடக்கிறது.