பாட்டியை "நல்ல மனசு" என்று மட்டும் எழுதாதீங்க



நம்ம கோவில் பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை 16-ஆம் நாள் காரியம் நல்லபடியா முடிந்தது. வந்தவங்க, பூ கொண்டு வந்தவங்க, சமையலில் கை கொடுத்தவங்க எல்லாருக்கும் தொண்டர்கள் சார்பில் நன்றி.

வாட்ஸ்ஆப் குழுவில் இன்னும் இரங்கல் வந்துகிட்டே இருக்கு. "தங்கமான மனசு", "அம்மனுக்குப் பிள்ளை மாதிரி", "யாரையும் கடிஞ்சு பேசமாட்டாங்க". பெரும்பாலும் உண்மைதான். (கடைசியா சொன்னது மட்டும், சிலிப்பரோட மடைப்பள்ளிக்குள்ள கால் வச்சவங்களைக் கேட்டாத் தெரியும்.) ஆனா 88 வயசு வரைக்கும் ஓடியாடி வேலை செஞ்ச ஒரு மனுஷியை "மனசு" என்கிற ஒரே சொல்லில் முடிக்கிறது எங்களுக்குச் சரியாப் படலை. ஆஸ்பத்திரி பாரத்தில் தொழில் என்ற இடத்தில் "சூரி ரூமா" என்று எழுதியிருந்தது. இல்லத்தரசி. அதைப் பார்க்கிறவங்க, சும்மா வீட்டில இருந்தவங்கன்னு நினைச்சுக்குவாங்க. அதனால பாட்டி என்ன வேலை செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சதை இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. தோட்டத்து லயத்தில் பிறந்தவங்க, பிறப்புப் பத்திரம் எடுக்கலை. "ஜப்பான்காரன் வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு" என்பாங்க, அதுதான் கணக்கு. 1943-ல் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனாங்க. நம்ம மலாயாத் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்கள் அப்படிப் போனாங்க, திரும்பாதவங்க ஏராளம். பாட்டியின் அப்பாவும் திரும்பலை. அரிசி கிடைக்காத காலம். மரவள்ளிக் கிழங்கை அவிச்சு, அது தீர்ந்தா அவிச்ச தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பிள்ளை அவங்க.

இதை ஏன் சொல்றோம்னா, "பாட்டி யாரையும் பசியோட அனுப்பமாட்டாங்க" என்று எல்லாரும் எழுதியிருக்கீங்க. அது சும்மா வந்த குணம் இல்ல. அன்னதானத்தில் இலையில சோறு மிச்சம் வச்சா, பாட்டி ஒண்ணும் சொல்லமாட்டாங்க, இலை பக்கத்தில் வந்து நிற்பாங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நகரமாட்டாங்க. அது ஏன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியணும்.

கல்யாணத்துக்குப் பிறகு தாத்தா தோட்டத்து லாரி டிரைவர். பாட்டி பால்மரம் வெட்டப் போகலை, வீட்டில இருந்தாங்க. வீட்டில இருந்தாங்கன்னா, விடியறதுக்கு முன்னால வேலைக்காட்டுக்குப் போற பெண்கள் பிள்ளைகளைக் கொண்டு வந்து இவங்க திண்ணையில விட்டுட்டுப் போவாங்க. ஆயா கொட்டகை இருந்தது, ஆனா காய்ச்சல் பிள்ளை, பால்குடி மறக்காத பிள்ளை எல்லாம் பாட்டி வீட்டுக்குத்தான் வரும்.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு ஆனப்ப, பல்லாயிரம் பேர் ஊருக்குக் கப்பலேறினாங்க. பாட்டியின் அக்கா குடும்பம் ரஜூலா கப்பலில் போனது. பாட்டி போகலை. சிவப்பு ஐ.சி.யோட இங்கேயே இருந்தாங்க. பிறந்த நாட்டில ஓட்டு இல்ல, அரசாங்க உதவித்தொகை இல்ல. 2018-ல் 60 வயசு தாண்டிய இந்தியர்களில் சிவப்பு அட்டை வச்சிருக்கிற 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவிச்சாங்களே, அதுக்கு அப்புறம்தான் பாட்டிக்கும் நீல ஐ.சி. வந்தது. அன்னிக்கு அதை அம்மன் காலடியில் வச்சு, "எம்மா, உன் பிள்ளையை இப்பத்தான் ஊரில சேர்த்திருக்காங்க" என்று சொன்னது பக்கத்தில் நின்ன எங்களுக்குக் கேட்டது. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் முதல் முறையா ஓட்டுப் போட்டுட்டு, மை வச்ச விரலை சாயங்காலப் பூஜைக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் காட்டினாங்க.

இனி நம்ம ஷா ஆலம் கதை. சுங்கை ரெங்கம், பத்து தீகா, கிளன்மேரி என்று இந்தப் பக்கம் பூராவும் தோட்டமா இருந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1978-ல் சிலாங்கூரின் தலைநகர் ஆச்சு. தோட்டத்து நிலமெல்லாம் செக்‌ஷன் ஆச்சு, ஃபேக்டரி ஆச்சு. 1985-ல் முதல் புரோட்டோன் சாகா இங்கிருந்துதான் ஓடியது. லயத்தில் இருந்தவங்க பிளாட்டுக்கு வந்தோம். பால்மரம் வெட்டின கையெல்லாம் ஸ்க்ரூ முடுக்கப் போச்சு.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுற எல்லாரும் முதலீடு, ஹைவே, ஜப்பான் கம்பெனி என்று சொல்வாங்க. எங்களில் பல பேர் முப்பது வருஷமா ஃபேக்டரியில் இருக்கிறவங்க, சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க. லைன் எதனால நிற்கும்னு எங்களுக்குத் தெரியும். மெஷின் கெட்டா ஒரு மணி நேரத்தில் டெக்னீஷியன் வந்துடுவான். "பிள்ளையைப் பார்க்க ஆள் இல்ல சார்" என்று நாலு பெண்கள் வரலைன்னா அந்த ஷிப்டே போச்சு. மூணு ஷிப்ட் ஓடுற ஃபேக்டரிக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போற அம்மாவோட பிள்ளை எங்க தூங்குச்சுன்னு நினைக்கிறீங்க? பாட்டி வீட்டு ஹாலில், பாயில. மூணாவது மாடி, லிப்ட் இல்லாத பிளாட்.

மாசம் ஐம்பது வெள்ளி கொடுத்தா வாங்கிக்குவாங்க. கொடுக்கலைன்னா கேட்கமாட்டாங்க. நாங்க உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், இருபது வருஷத்தில் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாது. பால், கஞ்சி, குளிப்பாட்டு, காய்ச்சலுக்குக் கிளினிக், பள்ளி வேன் வரைக்கும் கொண்டு போய் விடுறது எல்லாம் பாட்டி. அதில வளர்ந்தவங்க மூணு பேர் இன்னிக்கு நம்ம தொண்டர் குழுவில் இருக்காங்க. எங்களைக் கேட்டா, இந்த செக்‌ஷன்களில் உள்ள ஃபேக்டரிகள் ஓடினதுக்கு இந்த மாதிரிப் பாட்டிமாரும் ஒரு காரணம். அவங்களுக்கு பே-ஸ்லிப் கிடையாது, ஓ.டி. கிடையாது, சேமநிதி கிடையாது.

கோவிலிலும் அப்படித்தான். ஆடி மாசக் கூழுக்கு முதல் நாள் ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைச்சுப் புளிக்க வைப்பாங்க. விடியக்காலை நொய் வெந்ததும் மாவை ஊத்திக்கிட்டே ஒருத்தர் கிண்டணும், ஊத்துற கையும் கிண்டுற கையும் ஒண்ணா நிற்கக்கூடாது, நின்னா கட்டி பிடிச்சுடும். அளவு எல்லாம் பால் டின்தான். முந்நூறு பேருக்கு எத்தனை டின் மாவு, எத்தனை டின் நொய் என்று பாட்டி தலையில் இருந்தது. மருமகள் மூணு வருஷம் முன்னால அதை ஒரு நோட்டில் எழுதி வச்சாங்க. அந்த நோட்டு மட்டும் இல்லைன்னா அடுத்த ஆடிக்கு நாம கேட்டரிங்காரருக்குப் போன் பண்ணிக்கிட்டு இருப்போம்.

பாட்டி பெயரை மண்டபப் பலகையில் போடலாமா என்று கேட்டப்ப ரெண்டு விதமான பதில் வந்தது. ஒருத்தர், "ஒரு பாட்டிக்குப் போட்டா எல்லாப் பாட்டிக்கும் போடணுமே" என்றார். போடுவோமே, பலகை என்ன சின்னதா? இன்னொருத்தர், "செஞ்ச தொண்டைச் சொல்லிக் காட்டுறது பக்தி ஆகாது" என்றார். நல்ல கருத்துதான். அப்படின்னா முதல்ல மண்டபத்து ஃபேன் இறக்கையில் எழுதியிருக்கிற பேரையெல்லாம் அழிச்சிட்டு வாங்க, பிறகு பேசுவோம். காசு கொடுத்தவங்க பேர் பளிங்குக் கல்லில் இருக்கலாம், கை கொடுத்தவங்க பேர் இருக்கக்கூடாதுன்னா அது என்ன கணக்கு?

நம்ம சமயத்திலேயே இதுக்கு வழி இருக்கு. அறுபத்து மூவர் வரிசையில் பெண்கள் மூணு பேர். காரைக்கால் அம்மையாரை எல்லாருக்கும் தெரியும். மங்கையர்க்கரசியார் பாண்டிய நாட்டு அரசி. மூணாவது இசைஞானியார், சடையனாரின் மனைவி, சுந்தரரைப் பெற்றவர். பெரிய புராணத்தில் அவருக்கு ஒரே ஒரு பாட்டுதான். அற்புதம் செஞ்சதாவோ நாடு ஆண்டதாவோ சேக்கிழார் சொல்லலை. ஆனாலும் அறுபத்து மூவரில் அவங்களுக்கும் இடம் உண்டு, குருபூஜை உண்டு. வீட்டுப் பெண்ணை வரிசையில் நிறுத்த அந்தக் காலத்திலேயே தயங்கலை.

இதோட சேர்த்து இன்னொரு விஷயம், இருக்கிறவங்களுக்காக. இல்லத்தரசி செய்யறதும் வேலைதான் என்று நம்ம நாட்டுச் சட்டமே இப்ப ஒத்துக்குது. 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகளுக்குப் பெர்கேசோ பாதுகாப்பு இருக்கு. வருஷத்துக்கு 120 வெள்ளி, 55 வயசு ஆகாதவங்க சேரலாம். வீட்டு வேலையில் விபத்து நடந்தாலும், உடம்பு முடியாமப் போனாலும் உதவி உண்டு. ஃபேக்டரியில் ஒருத்தன் விரல் நசுங்கினா அன்னிக்கே பாரம் எடுக்கிற நாம, வீட்டில கொதிக்கிற எண்ணெய் கையில கொட்டினா மஞ்சளைத் தடவி உட்கார வச்சிடுறோம். பாட்டிக்கு அந்தத் திட்டம் ரொம்ப லேட்டு. மருமகளுக்கு லேட்டு இல்ல. மடைப்பள்ளியில் நிற்கிற பெண்களில் 55-க்குக் கீழ உள்ளவங்க வெள்ளிக்கிழமை ஐ.சி. கொண்டு வாங்க, போனிலேயே பதிஞ்சு தர்றோம். 120 வெள்ளி கட்ட முடியாதவங்களுக்குத் தொண்டர்கள் பங்கு போட்டுக் கட்டலாம் என்று பேசியிருக்கோம்.

அடுத்தது, நம்ம கோவிலில் 75 தாண்டின பாட்டிமார் இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஒருத்தருக்குத் தோட்டத்துக் கோவிலில் பாடின கும்மிப் பாட்டெல்லாம் மனப்பாடம். இன்னொருத்தர் மாவிளக்குக்கு மாவு இடிச்சவங்க. மூணாவது பாட்டி, இந்த அம்மன் தோட்டத்தில் மரத்தடியில் இருந்தப்பவே கும்பிட்டவங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஜை முடிஞ்சு அரை மணி நேரம் அவங்க பேசுறதை எழுதப் போறோம். கையெழுத்து நல்லா இருக்கிற படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் வேணும். எங்க எழுத்தை எங்களாலேயே படிக்க முடியலை.

அவங்ககிட்ட "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்காதீங்க. "என்னத்தய்யா சொல்றது" என்று முடிச்சிடுவாங்க. எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, தண்ணி எங்க பிடிப்பீங்க, எத்தனை பேருக்குச் சமைச்சீங்க என்று கேளுங்க. மூணாவது பாட்டிக்கு இடது காது மந்தம், வலது பக்கம் உட்கார்ந்துக்குங்க.