கையைக் கட்டுவது வைத்தியமல்ல

ஓயாமல் கையை உதறுவது, உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவது, கிடைத்த தட்டைச் சுழலவிட்டு அதிலேயே லயித்துப் போவது ஆகியவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் மனவளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளிடமும் சகஜமாகக் காணப்படுபவை. பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் காலந்தள்ளும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அண்டை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். அதற்குப் பயந்து சிலர் குழந்தையின் கையைக் கட்டுகிறார்கள். சிலர் முதுகில் இரண்டு வைக்கிறார்கள்.

அடித்துத் திருத்தலாம் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே நம்பினார்கள். அமெரிக்காவில் 1960களில் லோவாஸ் என்ற மனோதத்துவ நிபுணர் மின்சார அதிர்ச்சி கொடுத்துக்கூடப் பார்த்தார். தண்டனை கிடைத்த அறையில் அடங்கிய பழக்கம் வேறிடத்தில் அடங்கவில்லை.

1978ல் ரின்கோவர் என்பவர் வேறு வழி கண்டார். மேஜைமேல் தட்டைச் சுழற்றும் ஒரு குழந்தைக்காக, மேஜையில் கம்பளத்தை விரித்து ஓசையை மறைத்தார். சுழற்றுவது நின்றது. குழந்தை நாடியது அந்த ஓசையைத்தான். விரும்பிய உணர்ச்சியைத் தரும் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்தபோது, இத்தகைய குழந்தைகள் அவற்றைக் கொண்டு விளையாடக் கற்றதும் அடுத்து வந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, "இதனால் யாருக்காவது கெடுதல் உண்டா?" என்பதே. கையை உதறுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அது மனத்துக்கு அமைதி தருவதாக, ஆட்டிசம் உள்ளவர்கள் வளர்ந்த பிறகு சொல்கிறார்கள். அதை விட்டுவிடுவதே உத்தமம்.

தலையைச் சுவரில் மோதினாலோ கையைக் கடித்துக் கொண்டாலோ சும்மா இருக்கலாகாது. காதுவலி, பல்வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையும் இப்படிச் செய்வதுண்டு. எந்த நேரத்தில், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் நடக்கிறது என்பதைப் பத்து நாள் ஒரு நோட்டில் தமிழிலேயே குறித்து வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால்தான் மாற்று வழி சொல்ல முடியும். பெங்களூர் நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆட்டிசத்தை 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ளது. இது மறைத்து வைக்க வேண்டிய குடும்ப ரகசியமல்ல. அண்டை வீட்டார் முகம் சுளிப்பதற்காக ஒரு குழந்தை அடி வாங்குவது எந்த விதத்திலும் நியாயமாகாது.