கொழுந்தும் கணக்கும்

"மகள் பட்டதாரியாகிவிட்டாள். இனித் தரவு விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டமும் பயில வேண்டும் என்கிறாள். படித்தது போதாதா?" ஹட்டன் பக்கத்துத் தாய் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது.

அம்மையீர், அந்த விஞ்ஞானம் தங்களுக்கு அந்நியமானதன்று. கொழுந்து மடுவத்தில் தங்கள் கூடையை நிறுத்து, கணக்கப்பிள்ளை இறாத்தல் கணக்கைப் பதிந்தாரே, அந்த எண்களே தரவு. எந்த மலையில் விளைவு குன்றியது, காரணம் மழையா, உரமா என்று அவற்றிலிருந்து கண்டறிவதே தரவு விஞ்ஞானம்.

தேயிலைக்கும் இதற்கும் பழைய உறவுண்டு. இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் நிலையத்தில் புள்ளிவிபர அறிஞர் ஆர். ஏ. பிஷருடன் ஆய்வு செய்த டி. ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். உரமிட்ட நிலம் கூடுதலாகத் தரும் கொழுந்து உரத்தின் பயனா, தற்செயலா என்று பிரித்தறிவது எளிதன்று. அத்தகைய பரிசோதனைகளில் நேரும் பிழையை அளந்து, 1931இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அன்று கொழுந்து கொய்தவர் நம்மவர். கணக்கை ஆராய்ந்தவர் பிறர். இன்று நம் பெண்ணே ஆராய முன்வருகிறாள்.

ஒன்றை மறவற்க. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதற்பட்டம் இலவசம். முதுமாணிப் பாடநெறிக்கோ பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஆதலின், கடன் வாங்குமுன், தொழிலில் அமர்ந்து வார இறுதி வகுப்பிற் பயில இயலுமா என்று மகளுடன் கலந்து ஆலோசியுங்கள். "பெண்ணுக்கு இவ்வளவு எதற்கு?" என்று மட்டும் கேளாதீர்கள்.

தராசின் முன் கூடையுடன் தாங்கள் நின்றீர்கள். அதன் முள்ளைப் படிப்பவளாகத் தங்கள் மகள் நிற்கட்டும்.