வயிற்று வலிக்குச் சேர்த்தோம், மூச்சு ஏன் வாங்குகிறது?



ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் கலங்கிப்போய்க் கேட்கிற கேள்வி இது: "வயித்து வலின்னுதானே சேர்த்தோம்? இப்போ நுரையீரல், கிட்னின்னு சொல்றாங்களே!" கடுமையான கணைய அழற்சி இப்படித்தான் வீட்டாரைத் திகைக்க வைக்கிறது. இந்த இதழின் முகப்புக் கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்பட்டது.

உணவைச் செரிக்கும் நொதிகளில் பலவற்றைக் கணையம் உறங்கும் நிலையில்தான் சுரக்கிறது. சிறுகுடலுக்குப் போன பிறகே அவை விழித்துக்கொள்ள வேண்டும். பித்தப்பைக் கல் வந்து வழியை அடைத்தாலோ, மதுவாலோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு 1,000 mg/dL-ஐத் தாண்டினாலோ, அவை கணையத்துக்குள்ளேயே விழித்துவிடக்கூடும். கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது என்று நோயியல் வல்லுநர் ஹான்ஸ் கியாரி 1896-லேயே சொன்னார்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. சிதைந்த செல்களை நோக்கி வெள்ளை அணுக்கள் திரள்கின்றன. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீர் குறைகிறது, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. இத்தனைக்கும் கிருமி தேவையில்லை. தொற்று வருவதானால் பெரும்பாலும் பின்னால்தான் வரும். ஆரம்பத்தில் ஆன்டிபயாடிக் போடவில்லையே என்று நாம் மருத்துவரிடம் கோபப்பட வேண்டியதில்லை.

ஆறுதலான செய்தி, ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி லேசாகவே வந்துபோகிறது. உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது 'கடுமையானது' என்கிறது 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு. முதல் இரண்டு நாள்களில் நாடித்துடிப்பு, மூச்சு, சிறுநீரின் அளவு, கிரியாட்டினின் என்று ஓயாமல் பார்ப்பது இதற்காகத்தான். இந்த அழற்சியை அணைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

அந்தச் சிகிச்சையும் மாறிவருகிறது. ட்ரிப்ஸை நிறைய ஏற்றினால் நல்லது என்று முன்பு நம்பினோம். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்து 2022-ல் வெளியான 'வாட்டர்ஃபால்' ஆய்வு, அளவுக்கு மீறி ஏற்றுவது நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை, உடலில் நீர் தேங்கத்தான் வைத்தது என்று காட்டியது. நாள்கணக்கில் பட்டினி போடும் வழக்கமும் போய்விட்டது. ஏற்றுக்கொள்ளும் உடலுக்குச் சீக்கிரமே உணவு தருகிறார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலியும் வாந்தியும் வந்தால், கேஸ் என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். குணமாகி வந்தவர்கள், காரணம் கல் என்றால் பித்தப்பையை அகற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்; மது என்றால் அதை அடியோடு விட்டுவிடுங்கள். விட முடியாமல் தவிப்பவர்கள் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். மருத்துவர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்