முதல் ஆள் வந்தது சரி, கதவைச் சாத்தியது யார்?

எங்கள் வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடஒதுக்கீட்டுப் பேச்சு வராமல் இருக்காது. அண்மையில் ஒரு சக ஊழியர் சொன்னார்: "திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது சார். தென்னாப்பிரிக்காவுல ஈவோன் சாக்கா சாக்காவப் பாருங்க. வேலைக்காரி மக. உலகம் பூரா பாடுறா." 'பாடுகிறார்' என்று அவருக்கு வாயில் வரவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

சரி தோழர்களே, அந்தக் கதையையே பேசுவோம்.

ஈவோன் 1965இல் சொவெட்டோவில் பிறந்தார். அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1976 ஜனவரியில் அந்நாட்டில் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு ஜூன் 16இல், ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய சொவெட்டோ மாணவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1981இல், பதினாறு வயதில், 'சுகர் ஷாக்' என்ற திறமைப் போட்டி நிகழ்ச்சியில் ஈவோன் பாடினார். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றிய முதல் கறுப்புக் குழந்தை என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள்.

கேக்குறேன்: அதுக்கு முந்தின அஞ்சு வருஷமும் சொவெட்டோவுல பாடத் தெரிஞ்ச பிள்ளையே இல்லையா? 'முதல்' என்பது அரசுக்குச் சூட்டும் மாலை அல்ல, அதன்மீது வைக்கும் குற்றப்பத்திரிகை. 1982இல் அந்த அரசு என்ன செய்தது? கறுப்பர்களுக்கென்று தனி அலைவரிசைகள் திறந்தது. சுலு, கோசா பேசுவோருக்கு ஒன்று. சோத்தோ, ஸ்வானா பேசுவோருக்கு இன்னொன்று. திரையிலும் ஊர் வேறு, சேரி வேறு.

அவருடைய புகழ்பெற்ற பாட்டு 'உம்கொம்போதி'. மக்காச்சோளமும் முளைகட்டிய சோளமும் போட்டுப் பெண்கள் காய்ச்சும் பீரின் பெயர் அது. நகரங்களில் அதை வீட்டில் காய்ச்சினால் ஜெயில். 1932இல் அப்படிக் காய்ச்சியதற்காகச் சிறைக்குப் போன ஒரு தாயின் கையில் பதினெட்டு நாள் குழந்தை. அந்தக் குழந்தைதான் மிரியம் மக்கேபா. அம்மாக்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, அதே பீரை நகராட்சிகளே கூடம் கட்டி விற்றன. அந்த லாபத்தில்தான் கறுப்பர் குடியிருப்புகளை அடக்கியாளும் நிர்வாகமே நடந்தது. 1959இல் டர்பன் பெண்கள் அந்தக் கூடங்களுக்குள் தடியோடு புகுந்தார்கள். 1976இல் சொவெட்டோ மாணவர்கள் அவற்றுக்குத் தீ வைத்தார்கள்.

குற்றம் என்று சொல்லப்பட்ட அம்மாவின் கைவேலையை 1980களின் இறுதியில் ஈவோன் மேடையேற்றினார். ஆப்பிரிக்கா முழுக்க ஆடியது. அது வெறும் கொண்டாட்டப் பாட்டுதான், ஆனால் யாருடைய கொண்டாட்டம்?

திறமை அவருடையது. அதில் சந்தேகமில்லை. கதவைத் திறந்தது திறமை மட்டும் அல்ல. அடிபட்டவர்களும், ஜெயிலுக்குப் போனவர்களும், சுடப்பட்ட பள்ளிப் பிள்ளைகளும். ஒரே ஒரு ஆள் உள்ளே வந்ததைக் காட்டி, வெளியே நிற்பவர்களுக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதுவது சாத்தியவனின் தந்திரம். அந்தத் தந்திரத்துக்குச் சாட்சியாக ஈவோனை நாம் விட்டுத்தர முடியாது.

நாளைக்கும் சாப்பாட்டு நேரம் வரும். அவரிடம் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: "முதல் ஆள் வந்தது தெரியுது சார். அதுவரைக்கும் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு?"