சாவிகளுக்கும் தணிக்கை தேவை

வங்கிப் பாதுகாப்பு என்றதும் வாடிக்கையாளரின் கடவுச்சொல்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாள்தோறும் அறிவுறுத்தப்படுபவரும் அவர்தான். ஆனால், வங்கியின் கணினியை வெளி அமைப்புகளுடன் இணைக்கும் இடைநிலை மென்பொருளிலும் கடவுச்சொற்களும் ரகசியக் குறியீடுகளும் எண்மச் சான்றிதழ்களும் சேமிக்கப்பட்டுள்ளன. அந்தச் சாவிகளை யார், எப்போது சரிபார்க்கிறார்கள்?

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் கடவுச்சொற்களைத் திருடியவர்கள், நியூயார்க்கில் அதற்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்ற முயன்றனர்; 8.1 கோடி டாலர் பிலிப்பின்ஸ் சென்று சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள் நடந்தன. மொத்தத் தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். அன்றாடக் கணக்கு ஒப்பீட்டில்தான் அது வெளிப்பட்டது.

இந்த நிகழ்வுகள் உணர்த்துவது ஒன்றுண்டு. சாவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. அதைப் பயன்படுத்துபவர் உரியவர்தாமா என்று பார்ப்பது வேறு சோதனை. திருடப்பட்ட சாவியும் பூட்டைத் திறக்கும். இணைப்பு கிடைத்துவிட்டது என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வது பேதைமை.

பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் ஸ்விஃப்டும் வங்கியின் மையக் கணினியும் இணைக்கப்படாததால், அனுப்பிய உறுதிக் கடிதங்கள் கணக்கில் ஏறவில்லை. அதன்பின் ரிசர்வ் வங்கி விதிகளைக் கடுமையாக்கியது. ஸ்விஃப்ட் தொடர்பான விதிகளைப் பின்பற்றாத 36 வங்கிகளுக்கு 2019-இல் மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

பெரிய வங்கிகளின் நிலையே இதுவெனில், சிறிய வங்கிகளின் நிலை என்ன? 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப்பரிமாற்றச் சேவை தடைப்பட்டது. பல வங்கிகள் ஒரே நிறுவனத்தைச் சார்வதால் செலவு குறைகிறது. ஆனால் இடர் ஓரிடத்தில் குவிகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். அலட்சியம் ஒருவருடையது, இழப்பு வேறொருவருடையது.

நான் வசிக்கும் களம்பூரில் பட்டு நெய்பவருக்கும் நெல் விற்பவருக்கும் ஒரு நாள் பணம் தாமதமாவது சிறு தொல்லை அன்று. மறுநாள் வேலைக்கான முதலே அதுதான்.

எனவே, சேமிக்கப்பட்ட ஒவ்வொரு சாவிக்கும் பதிவேடு வேண்டும். பொறுப்பாளர் யார், காலாவதி எப்போது, கடைசியாக மாற்றியது என்றைக்கு என்பன அதில் இருக்க வேண்டும். பணி விலகியவரின் அனுமதி அன்றே நீக்கப்பட வேண்டும். சோதனைக் கணினிக்கும் நடப்புக் கணினிக்கும் ஒரே சாவி கூடாது. அனுப்பிய தொகையைத் தனி அலுவலர் அன்றே ஒப்பிட வேண்டும். சிறு வங்கிகள் தனித்தனியே இச்செலவைத் தாங்க இயலாது. ரிசர்வ் வங்கியும் நபார்டும் கூட்டுத் தணிக்கைக்கு வழிசெய்ய வேண்டும்.

பெட்டகத்துக்கு இரு சாவிகள், இரு அலுவலர்கள் என்பது வங்கிகளின் பழைய ஒழுங்கு. கண்ணுக்குத் தெரியாத பெட்டகத்துக்கும் அதே ஒழுங்கைக் கேட்பது வைப்புதாரரின் உரிமை.